தண்ணீர் ஏறும் மாதங்களில் வெனிஸ்

1849 நவம்பரில் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் தன் இளம் மனைவி எஃபியை வெனிஸுக்கு அழைத்துவந்தார். துணைக்கு எஃபியின் தோழி சார்லட் கெர். ஆஸ்திரியப் படை ஊரை முற்றுகையிட்டுப் பணியவைத்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. குண்டுவீச்சையும் பட்டினியையும் காலராவையும் ஒரே கோடையில் கண்ட ஊர் அது. டானியெல்லி விடுதியில் தங்கி, 1850 மார்ச் வரை குளிர்காலத்தை அங்கேயே கழித்தார்கள். ரஸ்கின் பகலெல்லாம் தூண்களையும் வளைவுகளையும் அளந்து குறிப்பேடுகளை நிரப்பினார். எஃபி தோழியோடு ஊரைச் சுற்றினார், நடன விருந்துகளுக்குப் போனார், ஸ்காட்லாந்திலிருந்த பெற்றோருக்கு நீளநீளமாகக் கடிதம் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு குளிர்காலத்துக்கும் தம்பதியர் வந்தார்கள். அந்த அளவெடுப்பிலிருந்து பிறந்ததுதான் 1851க்கும் 1853க்கும் இடையே மூன்று தொகுதிகளாக வெளிவந்த 'வெனிஸின் கற்கள்'.

வெனிஸ் குடியரசின் தலைவரான டோஜின் அரண்மனையில், கீழ்த்தள நடையில் 36 தூண்தலைப்புகள் உண்டு. ரஸ்கின் அவற்றை ஒவ்வொன்றாக நின்று பார்த்து விவரித்தார். கல்தச்சரும் கொல்லரும் தங்கள் தொழிலைச் செய்துகொண்டிருக்கும் தலைப்பு ஒன்று. நற்குணங்களும் தீக்குணங்களும் மனித உருவில் அமர்ந்திருப்பவை சில. ஓர் ஆணும் பெண்ணும் சந்திப்பதில் தொடங்கி, திருமணம், பிள்ளைப்பேறு என்று நகர்ந்து, அந்தப் பிள்ளையின் சாவில் முடியும் ஒரு குடும்பத்தின் கதையும் ஒரு தூண்தலைப்பைச் சுற்றிச் செதுக்கப்பட்டிருக்கிறது. மூலங்களில் சிலவற்றை இப்போது அரண்மனைக்குள்ளேயே அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, வெளியே நகல்களை நிறுத்தியிருக்கிறார்கள். நகலானாலும், அந்தக் கதையைப் பிள்ளைகளோடு தூணைச் சுற்றி நடந்து படிக்க வேண்டும் என்றால் ஜூலையில் முடியாது. நிற்கவே இடம் இருக்காது. ஜனவரியில் முடியும்.

வெனிஸைக் குடும்பமாகப் பார்க்க ஏற்ற பருவம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலானது என்பது என் உறுதியான எண்ணம். அறை வாடகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்திலும் கார்னிவல் நாட்களிலும் அந்தக் குறைவும் இல்லை. டிசம்பர் கடைசியில் மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். மூடுபனி அடர்ந்தால் படகுத்தடங்கள் மாறும். இத்தனையும் இருந்தும் குளிர்காலத்தைச் சொல்கிறேன் என்றால் காரணம் ஒன்றே: இந்த நகரம் தண்ணீரோடு எப்படி வாழ்கிறது, யாரால் வாழ்கிறது என்ற இரண்டும் அந்த மாதங்களில்தான் வெளியே தெரிகின்றன.

முதலில் தண்ணீர். வெனிஸ் ஆழமற்ற ஒரு காயலின் நடுவே, நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளில் நிற்கிறது. காயலின் பரப்பு சுமார் 550 சதுர கிலோமீட்டர். லிடோ, மலமோக்கோ, கியோஜ்ஜா என்ற மூன்று முகத்துவாரங்கள் அதை ஏட்ரியாட்டிக் கடலோடு இணைக்கின்றன. ஏட்ரியாட்டிக் நீண்டு ஒடுங்கிய கடல். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தென்கிழக்கிலிருந்து ஷிரோக்கோ காற்று அதன் நீளவாக்கில் வீசி, தண்ணீரை வடக்கு முனைக்குத் தள்ளுகிறது. காற்றழுத்தம் குறைந்தால் கடல்மட்டம் தானாகவே சற்று உயரும். இவற்றோடு அமாவாசை, பௌர்ணமி ஓதமும் ஒரே மணியில் சேர்ந்துவிட்டால், அதுதான் ஆக்வா ஆல்டா. மழைவெள்ளம்போல மேலிருந்து வருவதில்லை. தெருவின் வடிகால் துளைகள் வழியே கீழிருந்து ஊறி வருகிறது, சில மணி நேரத்தில் வடிந்தும் விடுகிறது.

இதன் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். '110 சென்டிமீட்டர்' என்று முன்னறிவிப்பு சொன்னால் தெருவில் நெஞ்சளவு தண்ணீர் என்று பொருளில்லை. 1897ஆம் ஆண்டுக் கடல்மட்டத்தைச் சுழியமாக வைத்து, சலூட்டே முனையில் இருக்கும் அளவுகோல் காட்டும் எண் அது. ஊரிலேயே தாழ்வான சான் மார்க்கோ சதுக்கத்தில் 80 சென்டிமீட்டரை ஒட்டித் தண்ணீர் தேங்க ஆரம்பிக்கும். ஆக, 110 என்றால் சதுக்கத்தில் முழங்காலுக்குக் கீழே. அந்த அளவில் ஊரின் பரப்பில் எட்டில் ஒரு பங்குதான் நனையும். அதற்குமேல் ஏறினால்தான் நிலைமை வேகமாக மோசமாகும். முக்கிய வழிகளில் இரும்புக் கால்களும் மரப்பலகைகளுமாக நடைமேடைகள் குளிர்காலம் முழுக்க அடுக்கித் தயாராக இருக்கும். தண்ணீர் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே சங்கு ஊதும். அதற்குப் பின் வரும் ஒலியில் 110க்கு ஒரு சுரம், 120க்கு இரண்டு, 130க்கு மூன்று, 140க்கு நான்கு. உள்ளூர்ப் பிள்ளைகள் இந்தச் சுரங்களை எண்ணி வளர்ந்தவர்கள்.

1966 நவம்பர் 4 அன்று தண்ணீர் 194 சென்டிமீட்டருக்கு ஏறியது. இன்றுவரை அதுவே உச்சம். அடுத்தது 2019 நவம்பர் 12 இரவு: 187. அதே வாரத்தில் மேலும் மூன்று தடவை 140ஐத் தாண்டியது. சான் மார்க்கோ பேராலயத்தின் நிலவறை மூழ்கியது. நூலகங்களிலும் இசைப் பள்ளியிலும் நனைந்த தாள்களை மீட்க இளைஞர்கள் திரண்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் சேதம் நிற்பதில்லை. செங்கல்லுக்குள் ஏறிய உப்பு காயும்போது படிகமாகி விரிந்து, கல்லை உள்ளிருந்தே பொடியாக்குகிறது.

இதைத் தடுக்கத்தான் மோசே என்ற தடுப்பு. மூன்று முகத்துவாரங்களிலும் கடலடியில் 78 இரும்புக் கதவுகள் தண்ணீர் நிரம்பிப் படுத்துக் கிடக்கின்றன. அழுத்தக் காற்றைச் செலுத்தித் தண்ணீரை வெளியேற்றினால் அரை மணி நேரத்தில் எழுந்து நின்று கடலை மறிக்கின்றன. 2003இல் தொடங்கிய வேலை, 2014இல் வெடித்த பெரும் ஊழல் வழக்கைத் தாண்டி, 2020 அக்டோபர் 3 அன்றுதான் முதன்முதலாகப் பயன்பட்டது. செலவு ஐந்நூறு கோடி யூரோவுக்கும் மேல். அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று முன்னறிவிப்பு பிசகியது. கதவுகளை எழுப்பவில்லை. சதுக்கம் மறுபடி மூழ்கியது. ஆனால் 2022 நவம்பர் 22 அன்று வெளியே கடல் 170 சென்டிமீட்டரைத் தாண்டிய நேரத்தில் ஊருக்குள் தெருக்கள் உலர்ந்தே இருந்தன. 1966க்குப் பிறகு பிறந்த வெனிஸ்காரர் யாரும் இப்படி ஒரு புயல்நாளைக் கண்டதில்லை.

மோசே வந்துவிட்டதே, இனி சதுக்கத்தில் தண்ணீரே வராதா என்று கேட்பவர்களுக்குப் பதில்: வரும். கதவுகளை 110ஐ எதிர்பார்க்கும்போதுதான் எழுப்புகிறார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு லட்சம் யூரோவுக்கு மேல் செலவு, அத்தோடு துறைமுகப் போக்குவரத்தும் நிற்கும், காயலும் கடலும் தண்ணீர் மாற்றிக்கொள்வதும் நிற்கும். எனவே 80க்கும் 110க்கும் நடுவே உள்ள நாட்களில் சதுக்கம் இன்னும் நனைகிறது. அதற்காகவே பேராலயத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு ஒன்றை 2022இல் நிறுவி முடித்தார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு நாளைச் சதுக்கத்துக்கென்று கட்டிப்போடாமல், அன்றன்றைய ஓத அறிவிப்பைப் பார்த்துப் பயணத்தை மாற்றிக்கொள்வது நல்லது. அருங்காட்சியகச் சீட்டைவிட அந்த அறிவிப்பு முக்கியம்.

குளிர்காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் உயர் காற்றழுத்தம் நிலைத்துவிட்டால் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாக வற்றிப்போகும். 2023 பிப்ரவரியில் சிறு கால்வாய்களில் கோண்டோலாக்கள் சேற்றில் தரைதட்டிக் கிடந்த படங்கள் உலகெங்கும் வந்தன. வறட்சி என்று பல செய்திகள் எழுதின, ஆனால் பெரும்பங்கு ஓதத்தின் வேலை. அந்த நாட்களில் வீடுகளின் அடிப்பகுதி அப்படியே திறந்து கிடக்கும். இந்த ஊர் எதன்மேல் நிற்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல பாடம் கிடையாது.

சேற்றில் நெருக்கமாக அடித்த மரக்கழிகள்தாம் அடித்தளம். கருவாலி, லார்ச், ஆல்டர், எல்ம் என்று மரம் இடத்துக்கு இடம் மாறும். ரியால்டோ பாலத்தை 1588க்கும் 1591க்கும் இடையே அந்தோனியோ தா பொன்தே கட்டியபோது சுமார் 12,000 கழிகள் இறக்கினார்கள். சலூட்டே தேவாலயத்தின் கீழே பத்து லட்சத்துக்கு மேல் என்பது மரபுவழிக் கணக்கு. காற்றில்லாத சேற்றுக்குள் மரம் எளிதில் மக்குவதில்லை. பாக்டீரியா அரிக்கத்தான் செய்கிறது, ஆனால் மிகமிக மெதுவாக. கழிகளின்மேல் பலகை, அதன்மேல் தண்ணீரை உறிஞ்சாத இஸ்ட்ரியக் கல், அதற்கும் மேலேதான் செங்கல். இந்த அடுக்குமுறையில் ஒரு கணக்கு இருந்தது: வழக்கமான ஓதம் கல்லைத் தாண்டாது. அந்தக் கணக்கு இன்று பொய்த்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிர்க்கரையிலுள்ள மார்கேரா தொழிற்சாலைகளுக்காக நிலத்தடி நீரை இறைத்ததில் தரை தாழ்ந்தது, கடலும் உயர்ந்துகொண்டே வந்தது. தண்ணீர் கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டது.

எவ்வளவு உயர்ந்தது என்பதை அளக்க தாரியோ கமுஃபோ என்ற இத்தாலிய ஆய்வாளர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 18ஆம் நூற்றாண்டில் கனலெத்தோவும் அவருடைய மருமகன் பெல்லோத்தோவும் இருட்டுப்பெட்டிக் கருவியின் உதவியோடு வெனிஸை வரைந்தார்கள். அதனால் சுவரில் படிந்த பச்சைப் பாசியின் விளிம்புகூட அவர்களுடைய ஓவியங்களில் துல்லியமாக விழுந்திருக்கிறது. கமுஃபோ அதே கட்டடங்களின் முன் போய் நின்று இன்றைய பாசிக்கோட்டோடு ஒப்பிட்டார். வித்தியாசம் அறுபது சென்டிமீட்டரை ஒட்டி வந்தது. கால்வாயோரம் நடக்கும்போது அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்கச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் கடல்மட்டம் உயர்வது என்னவென்று விளங்கிவிடும். பல மாளிகைகளில் படகுத்துறைப் படிகளின் கீழ்ப்பகுதி நிரந்தரமாகவே பச்சையாகிக் கிடக்கிறது.

குடிநீர்க் கதையும் காலடியிலேயே இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டில்லை. வெனிஸ்காரர்கள் ஒவ்வொரு சதுக்கத்தையும் தோண்டி, அடியிலும் பக்கங்களிலும் களிமண் பூசி, மணலால் நிரப்பி, நடுவில் செங்கல் கிணறு எழுப்பினார்கள். சதுக்கத்தில் பெய்யும் மழை ஓரத் துளைகள் வழியே இறங்கி மணலில் வடிந்து கிணற்றில் சேரும். 19ஆம் நூற்றாண்டில் இப்படி ஆறாயிரத்துக்கும் மேல் இருந்தன. ஆக்வா ஆல்டா ஏறி உப்பு கலந்தால் கிணறு கெட்டுவிடும். அதனால்தான் பல கிணறுகள் படிமேடையின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கின்றன. 1884இல் பெருநிலத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வந்ததும் மூடிவிட்டார்கள். எஞ்சிய சுமார் 600 கிணற்றுக் கட்டைகளின்மேல் இன்று பிள்ளைகள் ஏறி உட்கார்கிறார்கள். மழையைக் கும்பிட்டுச் சேர்த்த ஊர் என்று அவற்றைப் பார்க்கும்போது மரியாதை கூடுகிறது.

ஊர்க்காரர்களின் திருநாட்களும் பெரும்பாலும் குளிரோடு சேர்ந்தவை. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளில் பிள்ளைகள் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு கடைகடையாகப் போய் இனிப்புக் கேட்பார்கள். குதிரைவீரன் உருவத்தில் பிஸ்கட் சுட்டு, சர்க்கரைப் பூச்சு பூசி விற்பார்கள். நவம்பர் 21 சலூட்டே திருநாள். 1630, 31 ஆண்டுகளின் கொள்ளைநோய் ஊரில் மூன்றில் ஒருவரைக் கொண்டுபோனது. நோய் நீங்கினால் மாதாவுக்குக் கோயில் எழுப்புவதாகச் செனட் நேர்ந்துகொண்டது. பல்தசாரே லொங்கேனா 1631இல் தொடங்கிய அந்தச் சலூட்டே கோயில், அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து 1687இல்தான் அர்ச்சிக்கப்பட்டது. இன்றும் அந்த நாளில் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை நடந்து போய் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வீட்டில் காஸ்த்ரதீனா, அதாவது உப்பிட்டுப் புகைபோட்ட ஆட்டிறைச்சியும் முட்டைகோஸும் சேர்ந்த குழம்பு. வெளியூர்க்காரர்களுக்காக நடக்கும் விழா அல்ல இது. மரியாதையோடு ஒதுங்கி நடந்தால் வரிசையில் அவர்களும் இடம் தருவார்கள்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். சான் மார்க்கோவில் 1499 முதல் மணி சொல்லும் கடிகாரக் கோபுரத்தில், ஆண்டில் மிகச் சில நாட்களே வெளிவரும் பொம்மைகள் அன்று வரும்: எக்காளம் ஏந்திய தேவதை முன்னே, மூன்று ராஜாக்கள் பின்னே, மாதாவின் முன் தலைவணங்கிப் போவார்கள். அதே நாள் பெருங்கால்வாயில் படகுச் சங்கத்தின் மூத்த துடுப்பாளர்கள், நாட்டுப்புறக் கதைகளில் வரும் பெஃபானா கிழவியின் வேடமிட்டு ரியால்டோவை நோக்கிப் போட்டி போடுவார்கள். கார்னிவலை நான் வலியுறுத்த மாட்டேன். 1797இல் குடியரசோடு அழிந்து, 1979இல் பயணிகளை மனத்தில் வைத்து உயிர்ப்பித்தது அது. முகமூடி செய்யும் கைவினைஞர்களின் பட்டறைகள் மட்டும் பார்க்கத் தக்கவை.

குளிரில் தொலைந்த ஒருவரால் வந்த பண்டம் ஒன்றும் உண்டு. 1431இல் கிரீட்டிலிருந்து கிளம்பிய வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் சிதைந்தது. மிஞ்சியவர்கள் 1432 ஜனவரியில் நார்வேயின் ரோஸ்ட் தீவருகே கரையொதுங்கினார்கள். அங்கே மீனவக் குடும்பங்கள் அவர்களைக் காப்பாற்றி, குளிர்காற்றில் காயவைத்த காட் மீனைத் தின்னக் கொடுத்தன. அந்தக் கருவாட்டை ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய்போல் அடித்த பக்கலா மன்தெகாத்தோதான் இன்றும் வெனிஸ் வீடுகளில் கிறிஸ்துமஸ் முந்தின இரவு உணவு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் குளிர்காலமே நல்லது: திரெவீஸோவின் சிவந்த ரதீக்கியோ கீரை, பூசணி, பொலெந்தா எல்லாம் அப்போதுதான்.

தமிழர்களுக்கு இந்த ஊரோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. மார்க்கோ போலோ தன் உயிலை எழுதிவைத்தது 1324 ஜனவரியில், இங்கே. சீனத்திலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டைக் கண்டு, முத்துக்குளிப்பையும் காயல் துறைமுகத்தையும் அரபுநாட்டுக் குதிரைகளை வாங்கிச் சரியாகப் பேணாமல் சாகவிட்டதையும் விவரித்தவர். அவர் வீடு இருந்த இடம் இன்றைய மலிப்ரான் அரங்கின் அருகே, அடுத்துள்ள முற்றங்கள் 'மிலியோன்' என்ற பெயரோடு இருக்கின்றன. சான் லொரென்ஸோவில் அடக்கம் செய்த கல்லறை காணாமல்போய்விட்டது. 1284 முதல் அடித்த வெனிஸ் பொற்காசும் மிளகுக்கு விலையாகத் தென்னிந்தியாவுக்கு வந்து குவிந்தது. புனித மாற்குவின் முன் மண்டியிட்டுக் கொடி வாங்கும் டோஜின் உருவம் அதில் இருக்கும். நம் தென்கோடியில் அந்தக் கொடிக்கம்பத்தைப் பனைமரமாகவே பார்த்தார்கள்.

இனி, இந்த ஊரில் யார் வாழ்கிறார்கள் என்ற கேள்வி. 1951இல் தீவுநகரில் ஒரு லட்சத்து எழுபத்து நான்காயிரம் பேருக்குமேல் இருந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனது. ரியால்டோ பக்கம் சான் பர்த்தொலோமியோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை, 2008இலிருந்து கண்ணாடி ஜன்னலில் குடியிருப்போர் எண்ணிக்கையைப் பலகையில் காட்டிவருகிறது. கோடையில் அந்தப் பலகை கூட்டத்தில் மறைந்துவிடும். குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் பல தெருக்களில் மேல்மாடி ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது கண்கூடாகத் தெரியும். சான் ஜாக்கோமோ தெல்லோரியோ, சான்த்தா மார்கெரித்தா போன்ற சதுக்கங்களில் பள்ளி விட்ட பிள்ளைகள் பந்தடிப்பதும் அப்போது தெரியும். ஊரின் உயிர் எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று அங்கேதான் காணலாம்.

2024 ஏப்ரல் 25 முதல் பகல்நேரப் பயணிகளிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்த ஆண்டு 29 நாட்கள், 2025இல் 54 நாட்கள், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் பத்து யூரோ. எல்லாம் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும்தான். இரவு தங்குகிறவர்களுக்கும் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கும் கிடையாது. கூட்டத்தைக் குறைக்க இது பெரிதாக உதவவில்லை, உதவும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஊரைக் காலி செய்வது பகலில் வந்து போகும் கூட்டம் மட்டுமல்ல. குடியிருக்க வேண்டிய வீடுகள் ஒவ்வொன்றாகச் சில நாள் வாடகை வீடுகளாக மாறிவிட்டன.

இங்கேதான் குடும்பப் பயணம் நேரடியாக வந்து நிற்கிறது. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு விடுதி அறையைவிட அடுக்களையுள்ள வீடு சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் பணம்தான், அதே வீட்டில் ஒரு செவிலியரோ படகோட்டியோ குடும்பத்தோடு குடியிருக்க முடியாதபடி வாடகையை ஏற்றுகிறது. குளிர்காலத்தில் மட்டும் போவதாலேயே இந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது, ஏனென்றால் வீடு ஆண்டு முழுக்கக் கைமாறிவிட்டது. தீவில் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் இருக்கின்றன, கன்னியர் மடங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. அவற்றில் அறைகள் சிறியவை, சிலவற்றில் இரவுக் கதவடைப்பு நேரமும் உண்டு. என்றாலும் குடும்பத்தோடு போகிறவர்கள் அவற்றைத்தான் முதலில் தேட வேண்டும் என்பேன். குறுகியகால வாடகையைக் கட்டுப்படுத்த 2022இல் இத்தாலிய நாடாளுமன்றம் வெனிஸுக்கென்றே தனி அதிகாரம் கொடுத்தது. கடலை மறிக்க மோசே எழுந்தது. அந்த அதிகாரத்தை முழுதாகக் கையில் எடுக்கவோ நகரசபை தயங்கியது.